உள்ளே இருக்கிற ஜனம்

பெண்ணை வீட்டோடு சேர்த்துச் சொல்வது மரியாதை என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசினார். எங்கள் நெமிலிச்சேரியில் வாடகைக்கு இருக்கிற ஒரு அம்மா, "வீட்டுக்காரர் வர்றார்"னு சொன்னா, வருவது புருஷனா, வாடகை கேட்க வருகிறவரா என்று நாமதான் யோசிக்கணும்! ஆனால் பாருங்கள், அங்கே புருஷன் வீட்டுக்காரர், மனைவி வீட்டுக்காரி. ஐயர் வீட்டிலும் அகம் 'ஆம்' ஆகி, அவர் ஆத்துக்காரர், அவள் ஆத்துக்காரி. வீடு இரண்டு பேர்மேலும் ஒட்டியிருக்கிறது.

மலையாளத்துக்கு வாங்க. நம்பூதிரிப் பெண்ணுக்குப் பெயர் 'அந்தர்ஜனம்'. வடசொல். அந்தர் என்றால் உள்ளே. ஜனம் உங்களுக்கே தெரியும். அந்தரங்கம், அந்தப்புரம் எல்லாம் அந்தச் சொல்லின் உறவுக்காரர்கள்தாம். உள்ளே இருக்கிற ஜனம்! நம்பூதிரி ஆணுக்கு 'வெளிஜனம்' என்று பெயர் வைத்தார்களா? வைக்கவில்லையே ஐயா!

பெயரில் என்ன இருக்கு என்பீர்கள். அந்தக் காலத்தில் அவள் வெளியே வந்தால் ஓலைக்குடையால் முகத்தை மறைக்க வேண்டியிருந்தது. அதற்கு மறக்குடை என்றே பெயர். துணைக்குப் பணிப்பெண் வர வேண்டியிருந்தது. மூத்த மகன்தான் சாதிக்குள் மணம் முடிப்பான் என்பது வழக்கமாக இருந்தது. அதனால் எத்தனையோ பெண்கள் கிழவருக்கு இரண்டாம் தாரம், மூன்றாம் தாரம். சிலர் கடைசிவரை கன்னி.

நடத்தையில் சந்தேகம் வந்ததோ, ஸ்மார்த்த விசாரம். அந்த விசாரணையில் அவளுக்கு வேறு பெயர் தந்தார்கள். என்ன பெயர் தெரியுமா? 'சாதனம்'. பொருள்! நேற்றுவரை ஜனம், இன்று சாமான். 1905-ல் கொச்சி ராஜ்யத்தில் தாத்ரி என்ற பெண்ணை அப்படித்தான் விசாரித்தார்கள். அந்தச் சாமான் வாய் திறந்து அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களை அடையாளம் காட்டியது. அத்தனை பேரும் சாதியை விட்டுப் போனார்கள்.

1929-ல் வி.டி. பட்டதிரிப்பாடு ஒரு நாடகம் போட்டார். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'அடுக்களையிலிருந்து அரங்கத்துக்கு'. எழுதியவர் ஆண். 1948-ல் அந்தர்ஜனங்களே கூடி ஒரு நாடகம் எழுதி, அவர்களே நடித்தார்கள்!

1909-ல் பிறந்த லலிதாம்பிகா தாத்ரியைப் பற்றிக் கதை எழுதினார். 1976-ல் 'அக்னிசாட்சி' நாவல். 1977-ல் சாகித்ய அகாதெமி விருது. இவ்வளவு எழுதியவர் அந்தப் பழைய பெயரைத் தூக்கி எறிந்திருக்கலாமே? எறியவில்லை. புத்தக அட்டையிலே, ஊரே பார்க்க, லலிதாம்பிகா அந்தர்ஜனம் என்றுதான் அச்சாகியிருக்கிறது.

நடுவர் மணி அடித்துவிட்டார்.