தேங்காத மாசு: சிம்சிட்டியின் மூலநிரலில் வளர்ச்சிக் கணக்கும் ஃபாரஸ்டர் மரபும்

நகரமைப்பு விளையாட்டுகளில் பொருளாதார வளர்ச்சிக்கும் மாசுக்கும் இடையிலான இழுபறி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இன்று பரவலாகச் சொல்லப்படும் விடை, மாக்சிஸ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சிம்சிட்டியை, ஜே ஃபாரஸ்டர் 1969இல் எழுதிய ‘அர்பன் டைனமிக்ஸ்’ நூலின் வழித்தோன்றலாகக் கொள்வதாகும். இவ்விடைக்கு அண்மைக்காலத்தில் வலுவான வடிவம் தந்தது, ‘லாஜிக்’ இதழில் 2019இல் கெவின் பேக்கர் எழுதிய ‘மாடல் மெட்ரோபொலிஸ்’ என்னும் கட்டுரை. ஃபாரஸ்டரின் கோட்பாடே ஆட்டத்தின் பின்னால் நிற்கிறது என்ற அவருடைய வாசிப்பு ஆட்டத்தின் ஒரு பாதிக்குப் பொருந்துகிறது. ஆனால் மாசு இருப்பது மறுபாதியில் என்பதும், அந்த மறுபாதி வேறொரு மரபைச் சேர்ந்தது என்பதும் இங்கே நிறுவ முற்படும் கருத்துகள்.

பேக்கரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியாளராக இருந்து மேலாண்மைத் துறைக்கு மாறிய ஃபாரஸ்டர், பாஸ்டனின் முன்னாள் மேயர் ஜான் காலின்ஸுடன் அங்கே ஏற்பட்ட பழக்கத்தால் நகரச் சிக்கல்களின் பக்கம் திரும்பினார். தொழில், வீடு, உழைப்பாளர் ஆகியவற்றைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓட்டிப் பார்த்த அவர், வருமானம் குறைந்தோருக்கு வீடு கட்டித் தருவது நகரின் நலிவை மிகுவிக்கும் என்ற முடிவை எட்டினார். ஆட்டத்தை வடிவமைத்த வில் ரைட், ஃபாரஸ்டரிடமிருந்து கற்றதை மறைத்ததில்லை. இவற்றை ஒன்றுசேர்த்து, ஆடுபவர் கண்ணுக்கு எட்டாத நிரலுக்குள் ஒரு குறிப்பிட்ட அரசியல் பார்வை படிந்திருக்கிறது என்று பேக்கர் காட்டும்போது அதற்கு நிரலிலேயே சான்று கிடைக்கிறது. வீட்டுப்பகுதி, வணிகப்பகுதி, தொழிற்பகுதி ஆகிய மூன்றுக்குமான தேவையைத் தீர்மானிக்கும் கூறு, வேலைவாய்ப்பு, குடிபெயர்வு, பிறப்பு, வரிவிகிதம், புறச்சந்தை ஆகியவற்றை நகரம் முழுமைக்கும் ஒற்றை எண்களாக வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. இது ஃபாரஸ்டரின் முறைக்கு நெருங்கியதே.

ஆனால் இதே வாசிப்பை மாசுக்கும் நீட்டினால் மூன்று இடர்ப்பாடுகள் எழுகின்றன. முதலாவது, ‘அர்பன் டைனமிக்ஸ்’ நூலின் மாதிரியில் மாசு என்ற கூறே கிடையாது. அது ஃபாரஸ்டரின் எழுத்தில் முதன்மைக் கூறாக இடம்பெறுவது 1971இல் வந்த ‘வேர்ல்டு டைனமிக்ஸ்’ நூலில்தான். இரண்டாவது, ஃபாரஸ்டரின் நகருக்குப் பரப்பளவு உண்டே தவிர வரைபடம் கிடையாது. எந்தத் தொழிற்கூடம் எந்த வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்ற கேள்வியை அந்த மாதிரியிடம் கேட்கவே முடியாது. சிம்சிட்டியிலோ மாசு என்பது முழுக்க முழுக்க இருப்பிடத்தைப் பொறுத்தது. மூன்றாவதே எல்லாவற்றிலும் கனமானது. ஃபாரஸ்டர் உருவாக்கிய அமைப்பியக்கவியல் என்னும் துறைக்கு அடிப்படை, இருப்பு என்ற கருத்து: ஏரியில் வரத்தும் போக்கும் சேர்ந்து நீர்மட்டத்தை நிர்ணயிப்பதுபோல, காலப்போக்கில் சேர்வதும் கழிவதும் ஒரு பொருளின் அளவைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். 1971ஆம் ஆண்டு நூலில் மாசு அத்தகைய ஓர் இருப்பு; தொழில் பெருகும்போது சேர்ந்து, இயற்கை உறிஞ்சுவதால் தாமதமாகக் குறைவது. சிம்சிட்டியின் மாசு அவ்வாறு சேர்வதே இல்லை.

இதற்குச் சான்று மூலநிரல், அதாவது கணினிக்கான கட்டளைகள் நிரலர் எழுதிய வடிவிலேயே இருக்கும் கோப்புகள். பிள்ளைகளுக்கு மலிவான மடிக்கணினி தரும் திட்டத்துக்காக எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் இசைவுடன், டான் ஹாப்கின்ஸ் செப்பனிட்ட சிம்சிட்டியின் யூனிக்ஸ் வடிவம் ‘மைக்ரோபொலிஸ்’ என்ற பெயரில் 2008இல் கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியானது. அதில் மாசு, நிலத்தோற்றம், நிலமதிப்பு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கணக்கிடும் ஒரு செயற்கூறு உண்டு. 120க்கு 100 கட்டங்கள் கொண்ட வரைபடத்தை அது நான்கு நான்கு கட்டங்களாகத் தொகுத்து, ஒவ்வொரு தொகுதியிலும் நிற்கும் பொருள்களின் மாசு எண்களைக் கூட்டுகிறது. பின்னர் ஒவ்வொரு தொகுதியின் எண்ணோடு அண்டையிலுள்ள நான்கின் எண்களையும் சேர்த்து, ஐந்தால் வகுக்காமல் நான்கால் வகுக்கிறது. இது இருமுறை நிகழ்கிறது. ஆகவே சுற்றிலும் ஒரே அளவு புகை உள்ள இடத்தில் மாசு ஒவ்வொரு முறையும் கால்பங்கு கூடும்; வரைபடத்தின் விளிம்பிலோ வெளியே உள்ளது சுழியாகக் கொள்ளப்படுவதால் இந்தக் கூடுதல் ஏறக்குறைய இல்லாமல் போகும், மூலையில் மாசு குறையவும் செய்யும். ஆலைகளை எல்லையோரத்தில் நிறுத்தும் ஆட்டக்காரர் வழக்கம் இந்த வகுத்தலோடு ஒத்துப்போகிறது. காற்றின் திசையோ தாமதமோ இதில் இல்லை. எல்லாவற்றினும் முக்கியமாக, முந்தைய சுற்றின் மாசு அடுத்த சுற்றின் மாசுக் கணக்கில் நுழைவதில்லை. ஆலையை இடித்தால் அடுத்த கணக்கீட்டில் அந்த மண் தூய்மையாகிவிடுகிறது. நிலமதிப்பு மட்டும் முந்தைய சுற்றின் மாசைக் கொண்டு கணக்கிடப்படுகிறது என்பது ஒன்றே மாசைப் பொறுத்து இச்செயற்கூற்றில் காணப்படும் தாமதம். அதை இருப்பு என்று கூறுவது மிகையாகும். அண்டைக் கட்டங்களைப் பார்த்துத் தன் நிலையை முடிவுசெய்யும் கட்டவலை மரபு, ஜான் கான்வேயின் ‘லைஃப்’ ஆட்டத்தால் பரவலானது. ரைட் அதன் தாக்கத்தையும் ஒப்புக்கொண்டவர். மாசின் மூதாதையை அங்கேதான் தேட வேண்டும்.

இந்த மாசு வளர்ச்சியோடு இணையும் விதமும் கருதத்தக்கது. தேவையைத் தீர்மானிக்கும் கூற்றில் மாசுக்கு இடமில்லை. தொழிற்பகுதி வளருமா என்று பார்க்கும் கூறும் போக்குவரத்து இணைப்பை மட்டுமே வினவுகிறது. வீட்டுப்பகுதிக்கோ மாசு இருமுறை கழிக்கப்படுகிறது: மையத்திலிருந்து உள்ள தொலைவையும் நிலத்தோற்றத்தையும் கொண்டு நிலமதிப்பு கணிக்கப்படும்போது ஒருமுறை, அந்நிலமதிப்பைக் கொண்டு குடியேற்றத் தகுதி கணிக்கப்படும்போது மறுமுறை. மாசு 128ஐக் கடந்த இடத்தில் வீட்டுப்பகுதி வளர்வதே நின்றுவிடுகிறது. நகரின் வரி வருவாய் மக்கள்தொகையையும் சராசரி நிலமதிப்பையும் பெருக்கிக் கணக்கிடப்படுவதால், புகை இவ்வழியே கருவூலத்தையும் எட்டுகிறது. நகரத்தின் நலிவுக்கு ஏழைகளின் வீடுகளைக் காரணமாக்கிய ஃபாரஸ்டரின் மாதிரிக்கு இது ஏறக்குறைய தலைகீழ். இங்கே வீடுகள் நலிவின் காரணமாக நிற்கவில்லை, அதன் பெருஞ்சுமையைத் தாங்குகின்றன.

இனி, இதுவரை உரிய கவனம் பெறாத ஒரு பாடபேதம். ஒவ்வொரு பொருளுக்குமான மாசு எண்ணைத் தரும் சிறு செயற்கூற்றில், நடப்பிலுள்ள எண்ணுக்கு முன்னால் வேறோர் எண், கணினி படிக்காமல் தாண்டிச்செல்லும் குறிப்புக்குறிகளுக்குள் விடப்பட்டிருக்கிறது. மிகுந்த போக்குவரத்துள்ள சாலைக்கு 25 என்றிருந்தது 75 ஆகியிருக்கிறது. குறைந்த போக்குவரத்துக்கு 10 என்றிருந்தது 50. தீக்கு 60 என்றிருந்தது 90. துறைமுகம், விமான நிலையம், நிலக்கரி மின்நிலையம் ஆகியவற்றுக்கு 60 என்றிருந்தது 100. தொழிற்பகுதியின் எண் மட்டும் எந்தத் திருத்தமும் இன்றி 50 என்றே நிற்கிறது. அணுமின் நிலையத்துக்கு எண் சுழி.

இத்திருத்தத்தின் விளைவு சிறியதன்று. பழைய பாடத்தில் ஆலைக் கட்டம் ஒன்று, நெரிசல் மிக்க சாலைக் கட்டத்தைப்போல் இருமடங்கு மாசுடையது; புதிய பாடத்தில் சாலை ஆலையை மிஞ்சுகிறது, வண்டிகள் குறைந்த சாலைகூட ஆலைக்கு நிகராகிறது. நான்கு கட்டத் தொகுதியில் சாலை பெரும்பாலும் இரண்டு கட்டங்களையே பிடிக்கும் என்பதால், அடர்ந்த தொழிற்பேட்டையே இன்னமும் மிக மாசான இடமாக இருக்கும் என்ற மறுப்பு நியாயமானது. ஆயினும் வீடு, கடை, ஆலை ஆகியவற்றுக்கிடையே செல்லும் பயணங்களே சாலை நெரிசலை உண்டாக்குகின்றன என்பதையும், இருப்புப்பாதைக்கு மாசு எண் சுழி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆலையைத் தொலைவில் ஒதுக்கிவிட்டால் தீர்ந்துவிடும் சிக்கலாக இருந்த மாசு, வளர்ச்சி எவ்வகையினதாயினும் அதற்குக் கொடுக்க வேண்டிய விலையாக மாறியது புலனாகும். ஆலை எண்ணைத் தொடாமல் சாலை எண்களை மூன்று, ஐந்து மடங்கு உயர்த்தியவர், போகிறபோக்கில் அதைச் செய்திருக்க இயலாது. புகைக்குப் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு அவர் வேறொரு விடை தந்திருக்கிறார். ஆட்டம் மிக எளிதாக இருந்ததால் கடினமாக்கினார்கள் என்று மட்டும் கொள்வதானால், ஆலை எண் ஏன் உயரவில்லை என்பதற்கு விளக்கம் தேவைப்படும்.

கதிரியக்கம் படிந்த கட்டத்தின் எண் இன்னும் சிக்கலானது. இன்று 255 என்றுள்ள அதன் பழைய பாடம் குறை எண்ணாக, -40 என்று இருக்கிறது. கதிரியக்கம் மாசைக் குறைப்பது ஏன் என்று பிற்காலக் கை ஒன்று அருகிலேயே வினாக்குறிப்பு எழுதியிருக்கிறது. எட்டு இருமங்களில் சேமிக்கப்படும் -40ஐ நேர் எண்ணாக வாசித்தால் 216 கிடைக்கும் என்பதால், உயர்ந்த மாசையே அது குறித்தது என்று கொள்ள இடமுண்டு. ஆனால் கூட்டுத்தொகை சுழிக்குக் கீழே போனால் அதை 250 ஆக்கு என்ற கட்டளை யூனிக்ஸ் வடிவில் இருக்கிறது; சி++ மொழியில் பின்னர் மாற்றியெழுதப்பட்ட வடிவில் அக்கட்டளை செயலிழக்கச் செய்யப்பட்டு, இது கதிரியக்க எண்ணோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்ற ஐயக்குறிப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த ஐயம் சரியென்றே தோன்றுகிறது. -40 என்பது ஓர் அடையாளக் குறி. வேறு மாசில்லாத இடத்தில் அது கூட்டுத்தொகையைக் குறையாக்கி 250ஐ வரவழைக்கும். அதே தொகுதியில் ஆலைக் கட்டம் ஒன்று இருந்தாலோ, 50உம் -40உம் சேர்ந்து 10 ஆகி, அணுவிபத்து அந்த ஆலையைத் தூய்மைப்படுத்தியதுபோல் ஆகிவிடும். இப்பிழை கண்ணில் பட்ட பிறகே 255 இடப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறாயின் பழைய எண்கள் எழுத்தளவில் நின்ற வரைவல்ல, உண்மையில் ஓடிய ஒரு வடிவத்தின் எச்சம். சான்று மெலிந்த இடம் இதுவே எனினும், குறை எண்ணையும் 250 கட்டளையையும் ஒருங்கே விளக்கும் வேறு வழி இல்லை.

திருத்தத்தின் காலத்தை உறுதிசெய்ய முடியவில்லை. கோப்பின் தலைக்குறிப்பே யூனிக்ஸ் வடிவம் 1990இலோ அதையொட்டியோ வந்ததாகத் தளர்வாகத்தான் சொல்கிறது. பழைய எண்கள் 1989ஆம் ஆண்டு மெக்கின்டோஷ் வடிவத்தினவா, அதற்கும் முந்தைய வடிவத்தினவா என்பதும், திருத்தியது ரைட்டா, யூனிக்ஸுக்கு மாற்றியவர்களா என்பதும் இக்கோப்பிலிருந்து மட்டும் தெளியாது. வீட்டுப்பகுதிக்கான 128 என்ற வரம்பு எந்த எண்களை மனத்தில் கொண்டு இடப்பட்டது என்பதும் அவ்வாறே.

மாசு ஓர் இருப்பாக இவ்வகை ஆட்டங்களில் நுழைவது பிற்பாடுதான். 1999இல் வந்த சிம்சிட்டி 3000இல் குப்பைமேட்டு நிலத்தை, அதிலுள்ள குப்பை மட்காதவரை மீட்க முடியாது. 2013ஆம் ஆண்டு சிம்சிட்டியிலும், பின்லாந்தின் கலோசல் ஆர்டர் 2015இல் உருவாக்கிய ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ ஆட்டத்திலும் ஆலையை அகற்றிய பிறகும் நிலமாசு தங்கி மெல்லவே மறைகிறது. ஃபாரஸ்டரின் மையக்கருத்து, அவர் தாக்கம் மிகுந்ததாகக் கருதப்படும் முதல் ஆட்டத்தில் இல்லாமல், ரைட்டின் கையிலிருந்து விலகிய வழித்தோன்றல்களில் காணப்படுவது பேக்கர் வரையும் நேர்க்கோட்டோடு ஒத்துப்போகவில்லை. இவற்றை அமைப்பியக்கவியலின் மறுவருகை என்று கூறவும் சான்றில்லை. நினைவகம் பெருகியதே போதிய காரணமாகலாம்.

எனவே பேக்கரின் வாசிப்பைத் தேவைக் கணக்கோடு நிறுத்திக்கொண்டு, மாசைக் கட்டவலை மரபில் வைத்துப் பார்ப்பதே கிடைக்கும் சான்றுக்கு ஏற்றது. பாடபேதத்தைப் பொறுத்தவரை அடுத்த வேலை தெளிவாகவே இருக்கிறது: 1989ஆம் ஆண்டு வட்டுகளில் உள்ள இயந்திரக் குறிமொழியைப் பிரித்து, சாலைக்குரிய எண் 25ஆ 75ஆ என்று பார்க்க வேண்டும். 75 என்று கிடைத்தால் திருத்தம் வெளியீட்டுக்கு முந்தையதாகும். 25 என்று கிடைத்தால், முதலில் ஆடியவர்கள் கண்ட நகரத்தில் புகைக்குப் பொறுப்பு பெரும்பாலும் ஆலையுடையதாகவே இருந்திருக்கும், அந்த ஆட்டத்தைப் பற்றி 1990களில் எழுதப்பட்டவற்றையும் அதற்கேற்ப மறுபடி வாசிக்க வேண்டியிருக்கும்.