இன்மை அறிக்கை

போன தீபாவளிக்கு முன்னால் எங்கள் பக்கத்து வீட்டில் பழைய செடிவேலியை எடுத்துவிட்டுக் காம்பவுண்டு சுவர் கட்டினார்கள். குறை சொல்ல முடியாது. அந்த வேலிக்குள் புகுந்து கரடி இரண்டு தரம் வந்திருக்கிறது. காட்டெருமை வாசலில் நின்ற காலைகளும் உண்டு. "சார், சின்னக் குழந்தை இருக்கற வீடு" என்றார் அந்தத் தம்பி. நானும் தலையாட்டினேன்.

சுவர் எழும்பி ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. காலையில் அந்தச் சிரிப்பு இல்லை.

நீலகிரிச் சிரிப்பானைச் சொல்கிறேன். ஒன்று ஆரம்பித்தால் கூட்டமே சேர்ந்து கெக்கலிக்கும். நம் மலைப்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற சர்வதேசப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. நமக்கோ அது சமையலறைக்குப் பின்னால் தவிட்டுப்பழம் தின்னும் பறவை.

"முன்னாடி எத்தனை வரும் தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். பதில் இல்லை. முப்பத்தைந்து வருஷம் தன்பதிவேடு, தபால் பதிவேடு என்று ஊரார் விஷயத்தையெல்லாம் தேதி போட்டு எழுதியவன். என் வீட்டு வேலியைப் பற்றி ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

இதே கோத்தகிரியில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒருவர் எழுதி வைத்தார். மிஸ் மார்கரெட் காக்பர்ன். 1829-ல் பிறந்து, 1928 வரை வாழ்ந்தவர். ஏற்காட்டுக்குக் காப்பி கொண்டுவந்த சேலம் கலெக்டரின் மகள். (எழுத்துப்படி காக்பர்ன், உச்சரிப்பு கோபர்ன். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இது அதிசயமில்லை, பாதி எழுத்தை விழுங்குவது அவர்களுக்கும் வழக்கம்தான்.) கூடுகளைப் பார்த்து, எந்த மாதம் கட்டுகிறது, எதைக் கொண்டு கட்டுகிறது, எத்தனை முட்டை, என்ன நிறம் என்று குறித்தார். பறவைகளைப் படமாகவும் வரைந்தார். அந்த ஓவியங்கள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

குறிப்புகளை அவர் அனுப்பியது ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்கு. 1885-ல் காங்கிரஸைத் தோற்றுவித்தாரே, அவர்தான். இந்திய அரசின் செயலாளராக இருந்துகொண்டே, நாடு முழுக்கக் கலெக்டர், டாக்டர், தோட்டக்காரர் என்று கடிதம் எழுதிக் கணக்குக் கேட்டார். இந்தியப் பறவைகளின் கூடுகள், முட்டைகள் பற்றிய அவர் நூலில் 'கோத்தகிரியிலிருந்து மிஸ் காக்பர்ன்' என்று பல இடங்களில் வருகிறது.

அந்த நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் ஒரு செய்தி உண்டு. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹியூம் சிம்லாவில் இல்லாதபோது ஒரு வேலையாள் அருங்காட்சியக அறையை உடைத்து, மூட்டை மூட்டையாகக் கையெழுத்துப் பிரதிகளைத் திருடிப் பழைய காகிதமாக விற்றுவிட்டான். சுமார் 700 இனப் பறவைகளின் வாழ்க்கைக் குறிப்புகள் அதில் போயின. எவர் எவர் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து எழுதியதோ! ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வலி தெரியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1863-ல் அரவேனுவில் ஆல்போர்ட்ஸ் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவரும் இதே அம்மாள்தான். அவரைப் போன்றவர்கள் தொடங்கிய தேயிலை பிறகு மலை முழுக்கப் பரவி, சோலைக்காடுகளைத் துண்டு துண்டாக்கிவிட்டது. பறவையை நேசித்தவர், அதன் காட்டைக் குறைத்த தொழிலுக்கும் முன்னோடி. இரண்டும் ஒரே ஆள்.

மிஞ்சிய துண்டுகளில் ஒன்று நம் லாங்வுட் சோலை. சுமார் 116 ஹெக்டேர், 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சிரிப்பான் உயரப் பறந்து ஊரைத் தாண்டுகிற பறவை அல்ல. புதருக்குப் புதர் தாழத் தாவிப் போகும், வெட்டவெளி என்றால் தயங்கும். ஒரு வீட்டு வேலி அடுத்த வீட்டுக் கொல்லைப் புதரைத் தொட்டு, அது ஓடைக்கரையைத் தொட்டு, கரை சோலையைத் தொட்டால் அதற்கு வழி உண்டு. நடுவில் பத்தடி வெறுஞ்சுவர் வந்தால் வழி அறுந்தது. நாம் காட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறோம், கொல்லையை மறந்துவிடுகிறோம்.

ஹியூம் தபாலில் செய்ததை இப்போது கைப்பேசியில் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1998-ல் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு 2013-ல் இந்தியாவுக்கும் வந்தது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நான்கு நாளும் தனிக் கணக்கெடுப்பு. பதினைந்து நிமிடமாவது ஓரிடத்தில் இருந்து, பார்த்த, கேட்ட பறவைகளை எண்ணி ஈ-பேர்டில் ஏற்ற வேண்டும். 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண ஆட்கள் இப்படிக் கொடுத்த மூன்று கோடிப் பதிவுகளை வைத்து எழுதப்பட்டது.

இந்தப் பொங்கலுக்குப் பேத்தியோடு நானும் கொல்லையில் நாற்காலி போட்டேன். சிவப்பு மீசைச் சின்னான் 6, வெள்ளைக்கண்ணி 11, தேன்சிட்டு 2, புதர்ச்சிட்டு 1, காகம் 4. முடிவில், அடையாளம் தெரிந்த பறவைகள் அனைத்தையும் எழுதிவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வருகிறது. ஆம் என்று அழுத்தினால், எழுதாத பறவை அங்கே தென்படவில்லை என்று கணக்காகிறது. ஆபீஸ் பாஷையில் நில் ரிப்போர்ட், இன்மை அறிக்கை. சர்வீசில் எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு விரல் தயங்கியது. நான்கு நாளும் சிரிப்பான் இன்மைதான்.

நான்கு வீடு தள்ளிக் கீழே இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மாவும் எண்ணினார்களாம். இரண்டாம் நாள் காலை அவர்கள் பட்டியலில் சிரிப்பான் 5. அவர்கள் வேலி இன்னும் ஓடை வரைக்கும் போகிறது.