ஐ.பி.எல்லில் அணிகள் கூடிய கதை

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, அங்கே பறக்கும் ரயிலுக்கு மாறினால் சேப்பாக்கம். ஸ்டேஷனை ஒட்டியே ஸ்டேடியம். ஆனால் உள்ளே இடம் இருப்பது 40,000 பேருக்குள்தான். டிக்கெட் கிடைக்காத மிச்ச சென்னை முழுவதும் டிவியில்தான் மேட்ச் பார்க்கிறது. ஐ.பி.எல்லுக்குச் சோறு போடுவது இந்த இரண்டாவது கூட்டம். எத்தனை அணி, எத்தனை மேட்ச் என்பதைக்கூட இவர்களை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். இது எப்படி ஆரம்பித்தது என்று பார்க்க 1993க்குப் போக வேண்டும்.

அப்போது இந்தியாவில் கிரிக்கெட் என்றால் தூர்தர்ஷன்தான். மேட்சைக் காட்டுவதற்குக் கிரிக்கெட் வாரியம்தான் தூர்தர்ஷனுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்ட காலம் அது. (இன்றைக்கு நம்புவது கஷ்டம்!) 1993 நவம்பரில் நடந்த ஹீரோ கப் போட்டியின் உரிமையை வங்காள கிரிக்கெட் சங்கம் டி.டபிள்யூ.ஐ. என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. அரசாங்கம் முட்டுக்கட்டை போட, விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வான் அலைகள் பொதுச் சொத்து, அதில் அரசாங்கத்துக்கு ஏகபோகம் கிடையாது என்பது தீர்ப்பின் சாரம்.

சொத்து பொதுவானதுதான், ஆனால் அதில் வந்த வருமானம் வாரியத்துக்குப் போனது. 2007ல் ஒரு சட்டம் வந்து, இந்தியா ஆடும் முக்கியமான மேட்சுகளைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றது. அடுத்த வருஷமே வந்த ஐ.பி.எல்லுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அது நாட்டுக்காக ஆடுவதல்ல, கிளப் ஆட்டம்.

ஐ.பி.எல். பிறந்த தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். டிவி உரிமையை சோனியும் வேர்ல்ட் ஸ்போர்ட் குரூப்பும் சேர்ந்து 10 வருஷத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது 2008 ஜனவரி 14. அணிகள் ஏலம் போனது ஜனவரி 24. அதாவது சென்னைக்கு ஒரு அணி உண்டா, அதற்கு முதலாளி யார் என்பதே தெரியாத நேரத்தில் அந்த அணியின் மேட்சுகள் விற்றாகிவிட்டன! பிறகுதான் இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு சென்னை அணியை எடுத்தது. 8 அணிகளும் சேர்ந்து விலை போனது சுமார் 72 கோடி டாலர். டிவி பணத்தில் பெரும் பங்கு அணிகளுக்குப் பிரித்துத் தரப்படும் என்று தெரிந்ததால்தான் முதலாளிகள் துணிந்து ஏலம் கேட்டார்கள்.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பழைய கதை. ஐ.பி.எல்லை உருவாக்கிய லலித் மோடி படித்தது அங்கே டியூக் பல்கலைக்கழகத்தில். கல்லூரி கூடைப்பந்தில் டியூக் பெரிய பெயர். அங்கே கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன, டிவி பணத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. டியூக் இருப்பது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில். 2024ல் அதில் புதிதாகச் சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? பசிபிக் கடற்கரைப் பக்கம் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும். பெயரில் அட்லாண்டிக் அப்படியே இருக்கிறது. கூடவே சேர்ந்த டெக்ஸாஸின் எஸ்.எம்.யூ., 9 வருஷத்துக்கு டிவி பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து உள்ளே வந்தது. பந்திக்கு வருகிறேன், இலை வேண்டாம் என்பது மாதிரி. ஆனால் இதே காரியம் நம் ஊரிலும் நடந்திருக்கிறது. அதற்கு முன்னால் கொச்சி கதை.

2010 மார்ச் 21, சென்னையில் இரண்டு புதிய அணிகளுக்கு ஏலம். சஹாரா 37 கோடி டாலருக்கு புனேவை எடுத்தது. ரெண்டவூ என்ற கூட்டணி 33 கோடி டாலருக்கு மேல் கொடுத்து கொச்சியை எடுத்தது. இரண்டு வருஷம் முன்பு எட்டு அணிக்குக் கிடைத்த பணம் கிட்டத்தட்ட அப்படியே இப்போது இரண்டு அணிக்குக் கிடைத்தது.

அப்புறம்தான் சிக்கல். 10 அணிகள் ஒன்றோடொன்று இரண்டு முறை மோதினால் 90 மேட்ச், பிளே-ஆஃப் நான்கு, ஆக 94. சஹாரா இதை நம்பித்தான் விலை கேட்டதாகச் சொன்னது. ஆனால் 2011ல் நடந்தது 74. ஒரு அணிக்கு 18 மேட்ச் என்பது 14 ஆனது, சொந்த ஊர் மேட்ச் ஒன்பதிலிருந்து ஏழானது. கொச்சி ஒரே ஒரு சீசன் ஆடியது. வங்கி உத்தரவாதம் கட்டவில்லை என்று 2011 செப்டம்பரில் வாரியம் அந்த அணியை நீக்கியது. 2013ல் சஹாராவும் வெளியேறியது. கொச்சி முதலாளிகள் வழக்கை விடவில்லை. அவர்களுக்கு 538 கோடி ரூபாய் தர வேண்டும் என்பதை 2025 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அணியை இழந்த கேரள ரசிகனுக்கு எந்தக் கோர்ட்டிலும் பாத்தியதை இல்லை.

2015ல் சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு வருஷத் தடை விழுந்தது. 6 அணிகளோடு நடத்தினால் டிவிக்கு விற்ற மேட்ச் எண்ணிக்கை குறைந்துவிடும். அதனால் இரண்டு வருஷத்துக்கு மட்டும் தற்காலிக அணிகள். எடுப்பவர்களுக்கு வருஷத்துக்கு 40 கோடி ரூபாய் வரை தர வாரியம் தயாராக இருந்தது. ஏலத்தில் நடந்ததோ தலைகீழ். சஞ்சீவ் கோயங்காவின் நிறுவனம் டிவி பங்கும் வேண்டாம், மேற்கொண்டு வருஷத்துக்கு 16 கோடி நாங்களே தருகிறோம் என்று புனேவை வாங்கியது. ராஜ்கோட்டுக்கு இன்டெக்ஸ் 10 கோடி தந்தது. இரண்டு வருஷம் டிவியில் தெரிவதற்கே அந்த விலை.

2018ல் சென்னை திரும்பி வந்தது. ஏப்ரல் 10ல் சேப்பாக்கத்தில் ஒரு மேட்ச். வெளியே காவிரிப் போராட்டம், மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. மீதி 6 மேட்சும் புனேவுக்குப் போயின. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்ட்ரலில் இருந்து ஸ்பெஷல் ரயில்கூடப் போனது. ஊரே இல்லாமல் ஆடிய அணி மே 27ல் கோப்பையை வென்றது. 2020ல் இன்னும் ஒரு படி மேலே. கொரோனாவால் போட்டி முழுக்க ஐக்கிய அரபு அமீரகத்தில், கேலரியில் ஆளே இல்லாமல் நடந்தது. உள்ளூர் ரசிகன் இல்லாமல் ஐ.பி.எல். நடக்கும், டிவி இல்லாமல் ஒரு நாளும் நடக்காது என்று இந்த இரண்டு வருஷங்கள் காட்டிக் கொடுத்தன.

அதன் பிறகு வந்த தொகைகள் தலை சுற்ற வைப்பவை. 2021 அக்டோபர் 25 துபாய் ஏலத்தில் லக்னோவுக்கு 7,090 கோடி, அகமதாபாத்துக்கு 5,625 கோடி. லக்னோவை எடுத்தது யார்? 16 கோடிக்கு புனேவை எடுத்த அதே கோயங்கா. மறுபடியும் 10 அணிகள், மறுபடியும் அணிக்கு 14 மேட்ச், மொத்தம் 74. அணிகளை முதலில் கூட்டிவிட்டு அடுத்து டிவி உரிமையை விற்றார்கள், 2022 ஜூனில். 2023 முதல் 2027 வரை 5 வருஷத்துக்கு 48,390 கோடி. முந்தைய 5 வருஷத்துக்கு ஸ்டார் கொடுத்தது 16,347 கோடி. இந்த முறை டிவியையும் இணையத்தையும் தனித்தனியாக ஏலம் விட்டதுதான் சாமர்த்தியம். டிவிக்கு ஒரு மேட்சுக்கு 57.5 கோடி என்று ஸ்டார் எடுத்தது. இணையத்துக்கு 50 கோடி என்று வயாகாம்18 எடுத்தது. மேட்ச் எண்ணிக்கை 84, 94 என்று படிப்படியாக ஏறும் என்பது திட்டம். 2025 சீசனிலும் 74தான் நடந்தது.

இரண்டு பேர் போட்டி போட்டதால் ஏறிய விலை இது. 2024 நவம்பரில் ஸ்டாரும் வயாகாம்18ம் இணைந்து ஜியோஸ்டார் என்ற ஒரே நிறுவனமாகிவிட்டன. இப்போதைய ஒப்பந்தம் 2027 சீசனோடு முடிகிறது.