இரத்தம் தோய்ந்த இரு ஆடைகள்: அரசியல் கொலையும் நாட்டின் துக்கமும்

மதுரை தமுக்கம் அருகே, ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனைக் கட்டடத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று பிரதமர் நேரு அதைத் திறந்து வைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த துணி அங்கே கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் அதைப் பார்த்திருப்போம்.

இஸ்லாமிய வரலாறு படித்தவர்களுக்கு அதைப் பார்க்கும்போது இன்னொரு ஆடை நினைவுக்கு வரும். அது ஹிஜ்ரி 35ல் மதீனாவில் தம் வீட்டிலேயே முற்றுகையிடப்பட்டுக் கொல்லப்பட்ட மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் சட்டை. ஒரு துணி மக்களை மௌனமாக நின்று சிந்திக்க வைத்தது. இன்னொரு துணி ஒரு சமுதாயத்தின் கோபத்துக்குக் கொடியாக ஆனது. ஒரு தலைவர் கொல்லப்படும்போது மக்களின் கண்ணீர் எந்தத் திசையில் செல்கிறது, அதை யார் திருப்புகிறார்கள் என்பதை இந்த இரண்டையும் வைத்து நாம் பார்ப்போம்.

1948 ஜனவரி: டெல்லியின் நிலை

1947 செப்டம்பரில் காந்தியடிகள் கல்கத்தாவிலிருந்து டெல்லி வந்தபோது தலைநகரம் எரிந்துகொண்டிருந்தது. மேற்குப் பஞ்சாபிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த இந்து, சீக்கிய அகதிகள் ஒருபக்கம். வீடுகளை விட்டுத் துரத்தப்பட்டு, புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் தஞ்சமடைந்த முஸ்லிம்கள் மறுபக்கம். பல பள்ளிவாசல்கள் அகதிகளின் தங்குமிடங்களாக மாறியிருந்தன.

1948 ஜனவரி 13 அன்று தமது 78ஆம் வயதில் அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். மெஹ்ரோலியில் குவாஜா குத்புத்தீன் பக்தியார் காக்கி (ரஹ்) அவர்களின் தர்காவில் உர்ஸ் வழக்கம்போல் நடக்க வேண்டும். பள்ளிவாசல்கள் திருப்பித் தரப்பட வேண்டும். சப்ஜி மண்டி, கரோல் பாக், பஹாட்கஞ்ச் பகுதிகளில் முஸ்லிம்கள் அச்சமின்றி நடமாட வேண்டும். அவர்களைப் பொருளாதார ரீதியாகப் புறக்கணிக்கக் கூடாது. அவர் கேட்ட உறுதிமொழிகளில் முக்கியமானவை இவை. இதனிடையே, பாகிஸ்தானுக்குத் தர வேண்டிய 55 கோடி ரூபாயை நிறுத்தி வைத்திருந்த முடிவை அரசு மாற்றிக்கொண்டது. ஜனவரி 18 அன்று எல்லாத் தரப்புத் தலைவர்களும் உறுதி அளித்த பின் மௌலானா அபுல் கலாம் ஆசாத் தந்த பழச்சாற்றை அருந்தி உண்ணாவிரதத்தை முடித்தார்.

இரண்டே நாளில், ஜனவரி 20 அன்று, பிர்லா மாளிகையில் அவருடைய பிரார்த்தனைக் கூட்டத்தின் அருகே குண்டு வெடித்தது. மதன்லால் பாஹ்வா பிடிபட்டார். ஆனால் அவருடன் வந்தவர்கள் தப்பினர். காவல்துறைக்குக் கிடைத்த தகவல்கள் உரிய வேகத்தில் பின்தொடரப்படவில்லை என்பதைப் பிற்காலத்தில் நீதிபதி கபூர் விசாரணை ஆணையம் 1969ல் தந்த அறிக்கையில் விரிவாகச் சுட்டியது.

ஜனவரி 27 அன்று காந்தியடிகள் மெஹ்ரோலி உர்ஸுக்கு நேரில் சென்றார். மூன்று நாள் கழித்து, ஜனவரி 30 வெள்ளிக்கிழமை மாலை 5.17 மணியளவில், பிரார்த்தனைக்கு நடந்து வந்தவரை நாதுராம் கோட்சே மூன்று முறை சுட்டார்.

அந்த முதல் ஒரு மணி நேரம்

இந்தக் கொலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கடந்துவிடும் இடம் இது. நம் சமுதாயம் மறக்கக் கூடாத இடமும் இதுவே.

செய்தி பரவியதும் எல்லோர் வாயிலும் வந்த முதல் கேள்வி, சுட்டவன் யார் என்பதுதான். பிர்லா மாளிகைக்கு விரைந்த கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டனிடம் கூட்டத்தில் ஒருவர், கொன்றது ஒரு முஸ்லிம் என்று கத்தினார். இல்லை, ஓர் இந்து என்று மவுண்ட்பேட்டன் உடனே மறுத்தார். அப்போது அவருக்கே அது உறுதியாகத் தெரியாது. மறுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலை அகில இந்திய வானொலி மரணச் செய்தியை அறிவித்தபோது, கொன்றவர் ஓர் இந்து என்பதையும் சேர்த்தே சொன்னது. அந்த ஒரு வாக்கியம் எத்தனை முஸ்லிம் குடும்பங்களின் உயிரைக் காத்தது என்று யாராலும் கணக்கிட முடியாது. அன்றிரவே பிரதமர் நேருவும் உள்துறை அமைச்சர் படேலும் வானொலியில் பேசினர். இருவருக்கும் இடையே அப்போது கடும் கருத்து வேறுபாடு இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, மக்கள் அமைதி காக்க வேண்டும், பழிவாங்கக் கூடாது என்று இருவரும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டனர்.

வானொலி கொலையாளியின் மதத்தைச் சொன்னது அந்த மதத்தின் மீது பழி போட அல்ல. பழி வேறு எவர் மீதும் விழாமல் தடுக்கவே சொன்னது. இந்த வேறுபாட்டை நினைவில் வைப்போம். கடைசியில் இது நமக்குத் தேவைப்படும்.

துக்கம் தடம் மாறிய இடம்

மறுநாள் இறுதி ஊர்வலத்தில் பல லட்சம் பேர் திரண்டனர். யமுனைக் கரையில், இன்று ராஜ்காட் எனப்படும் இடத்தில், சிதை மூட்டப்பட்டது. பிப்ரவரி 12 அன்று அஸ்தி அலகாபாத் சங்கமத்தில் கரைக்கப்பட்டது. தமிழகத்தில், காந்தியத்தைக் கடுமையாக விமர்சித்து வந்த பெரியார்கூட இந்த நாட்டுக்குக் காந்தி தேசம் என்று பெயர் வைக்கலாம் என்றார். எதிராளியின் மரணத்திலும் கண்ணியம் காத்த அரசியல் அன்று இருந்தது.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. கோட்சே சித்பவன் பிராமணர் என்பது தெரிந்ததும் பம்பாய், பூனா, நாக்பூர், சாத்தாரா, கோலாப்பூர் பகுதிகளில் அந்தச் சமூகத்தாரின் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன. உயிர்களும் போயின. அகிம்சையைப் போதித்தவருக்காக அழுதவர்கள், அவரைக் கண்டே இராத அப்பாவிகளைத் தாக்கினார்கள். வானொலி முஸ்லிம்களைக் காத்தது. பிறப்பால் கொலையாளியின் சாதியில் இருந்த ஒரு குடும்பத்தைக் காக்க அங்கே யாரும் வரவில்லை. அதுவும் அநீதிதான் என்று நாம் சொல்லத் தயங்கக் கூடாது.

அரசு பிப்ரவரி 4 அன்று ஆர்.எஸ்.எஸ். அமைப்பைத் தடை செய்தது. 1949 ஜூலையில் தடை நீக்கப்பட்டது. செங்கோட்டையில் நடந்த வழக்கில் 1949 பிப்ரவரி 10 அன்று தீர்ப்பு வந்தது. கோட்சேக்கும் நாராயண் ஆப்தேக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. வி.டி. சாவர்க்கர் விடுதலை செய்யப்பட்டார். காந்தியடிகளின் மகன்களான மணிலாலும் ராம்தாஸும் கொலையாளிகளின் தண்டனையைக் குறைக்கக் கோரினர். அது ஏற்கப்படவில்லை. 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

நம் வரலாற்றின் மூன்று கொலைகள்

இந்தச் சோதனை நமக்குப் புதிதல்ல. நான்கு நேர்வழி கலீஃபாக்களில் மூவர் கொல்லப்பட்டனர்.

ஹிஜ்ரி 23ல் மஸ்ஜிதுந் நபவியில் ஃபஜ்ர் தொழுகையின்போது உமர் (ரலி) அவர்களை அபூ லுஃலுஆ குத்தினான். துக்கத்திலும் கோபத்திலும் இருந்த அவர்களின் மகன் உபைதுல்லாஹ், சதியில் பங்கு இருந்ததாகக் கேள்விப்பட்டதை நம்பி, ஹுர்முஸான், ஜுஃபைனா ஆகியோரையும் கொலையாளியின் மகளையும் கொன்றுவிட்டார் என வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். புதிய கலீஃபா உஸ்மான் (ரலி) முன் வந்த முதல் வழக்கே இதுதான். கலீஃபாவின் மகனாயிற்றே என்று யாரும் அதை மூடி மறைக்கவில்லை. பழிக்குப் பழி வாங்கியே ஆக வேண்டும் என்று நபித்தோழர்களில் சிலர் வாதிட்டனர். இறுதியில் உஸ்மான் (ரலி) தம் சொந்தப் பொருளிலிருந்து இரத்த ஈட்டுத்தொகை கொடுத்தார்கள். துக்கத்தில் செய்த கொலையும் கொலைதான் என்று அந்தச் சபை ஏற்றுக்கொண்டதை நாம் கவனிக்க வேண்டும்.

உஸ்மான் (ரலி) கொல்லப்பட்டபோது அவர்களின் இரத்தச் சட்டையும், தடுக்கப் போய் வெட்டுப்பட்ட மனைவி நாஇலாவின் விரல்களும் டமாஸ்கஸுக்குக் கொண்டு செல்லப்பட்டன. பள்ளிவாசலில் அவை வைக்கப்பட்டு மக்கள் கதறி அழுதனர். நபித்தோழர்களைக் குறைத்துப் பேசுவது அஹ்லுஸ் ஸுன்னத்தின் வழியல்ல. ஒவ்வொருவரும் நீதியைத் தேடினார்கள் என்றே நாம் நம்புகிறோம். ஆனால் அந்தக் கண்ணீர் ஹிஜ்ரி 36ல் ஜமல் போரையும் 37ல் ஸிஃப்பீன் போரையும் கண்டது. இன்றுவரை அரபு மொழியில் ‘உஸ்மானின் சட்டை’ என்றால், ஒருவரின் இரத்தத்தை வேறு நோக்கத்துக்குச் சாக்காகப் பயன்படுத்துவது என்று பொருள்.

ஹிஜ்ரி 40ல் கூஃபாவில் இப்னு முல்ஜமின் வாளால் வெட்டுண்ட அலீ (ரலி), மரணப் படுக்கையில் தம் குடும்பத்தாரிடம் சொன்னவை மறக்க முடியாதவை. அமீருல் முஃமினீன் கொல்லப்பட்டார் என்ற பெயரில் மக்களின் இரத்தத்தில் இறங்காதீர்கள். எனக்காக என்னைக் கொன்றவனைத் தவிர வேறு எவரையும் கொல்லாதீர்கள். அவன் உடலைச் சிதைக்காதீர்கள் என்பது அவர்களின் அறிவுரையின் சாரம். தம் காயத்திலிருந்து இரத்தம் வழியும்போதே அவர்கள் அடுத்தவர் இரத்தத்துக்கு வேலி போட்டார்கள்.

வேலி இல்லாத இடங்களில்

1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியை அவருடைய பாதுகாவலர்கள் இருவர் சுட்டுக் கொன்றனர். அவர்கள் சீக்கியர்கள். 1948ல் இருந்த முன்யோசனை அப்போது ஆட்சியில் இல்லை. டெல்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர்கள் 2,733 பேர் என்பது அரசின் கணக்கு. பெரிய மரம் விழுந்தால் பூமி அதிரத்தான் செய்யும் என்ற பொருளில் அடுத்த பிரதமர் பேசினார். துக்கம் கொலைக்கு நியாயமானது.

நம் மாநிலத்திலும் இது நடந்தது. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் ஒரு காவலர் முஸ்லிம் இளைஞர்களால் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். அந்தத் துக்கத்தைச் சிலர் பழியாக மாற்றினர். 1998 பிப்ரவரி 14 அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் பலியாயினர். அந்தக் காவலரின் குடும்பம், அந்த 18 குடும்பங்கள், அந்த 58 குடும்பங்கள் என எல்லோர் வீட்டிலும் விழுந்தது ஒரே துக்கம். நம் இறந்தவர்களுக்காக மட்டும் அழுதுவிட்டு மற்றவர்களை எண்ணிக்கையாகப் பார்த்தால், உஸ்மானின் சட்டையை நாமும் கையில் ஏந்தியவர்களாவோம்.

இன்றைய அரசியல் பேச்சும் நாமும்

2019 மே மாதம் அரவக்குறிச்சியில் பரப்புரை செய்த கமல்ஹாசன், சுதந்திர இந்தியாவின் முதல் தீவிரவாதி ஓர் இந்து என்று கோட்சேயைக் குறிப்பிட்டார். எதிர்வினையாக வேறொருபுறம் கோட்சேயைத் தேசபக்தர் என்று புகழ்ந்த குரலும் எழுந்தது. கொலையாளியைப் புகழ்வது வெட்கக்கேடு. அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் முதல் பேச்சைக் கேட்டு நம்மில் பலர் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியையும் நாம் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு முஸ்லிம் குற்றம் செய்யும்போது அவன் மதத்தை இழுக்காதீர்கள் என்று கேட்கும் நாம், இன்னொருவர் குற்றத்தில் அவர் மதம் சொல்லப்படும்போது கை தட்டலாமா? 1948ல் வானொலி ‘இந்து’ என்று சொன்னது உயிர் காக்க. மேடையில் அதையே சொல்வது வாக்கு சேர்க்க. சொல் ஒன்றுதான், நோக்கம் வேறு.

ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்று திருக்குர்ஆன் பல இடங்களில் கற்பிக்கிறது. செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவு பெறுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்பது சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனத்தின் கருத்து. இந்த இரண்டும் நம்மைக் காக்க மட்டும் இறங்கியவை அல்ல. நம்மிடமிருந்து மற்றவர்களைக் காக்கவும் இறங்கியவை.

நம் வீடுகளில் செய்யக் கூடியவை எளியவை. எங்காவது வன்முறை நடந்தால் ‘செய்தது யார் ஆள்’ என்ற கேள்விக்கு முன் ‘இறந்தவர் வீட்டில் யார் இருக்கிறார்கள்’ என்று பிள்ளைகள் கேட்கப் பழக்குவோம். உறுதியாகாத வாட்ஸ்அப் செய்தியை ஒரு மணி நேரமாவது அடுத்தவருக்கு அனுப்பாமல் வைத்திருப்போம். 1948ல் எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்த ஒரு மணி நேரம்தான். எந்த மதத்தவர் என்று பாராமல் துக்க வீட்டுக்குப் போவோம். ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது, அவர் வீட்டார் துக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். துக்கத்துக்கு இஸ்லாம் தந்த முதல் வேலை அடுப்பு மூட்டுவது.

ஜனவரி 30 காலை 11 மணிக்கு நாடு மௌனம் காக்கும்போது நாமும் காப்போம். மதுரைக்குப் போனால் பிள்ளைகளை அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நிறுத்தி, மெஹ்ரோலி தர்காவுக்கும் டெல்லிப் பள்ளிவாசல்களுக்கும் பட்டினி கிடந்தவர் இவர் என்று சொல்லிக் கொடுப்போம். அந்தத் துணியை யாரும் கொடியாக ஏந்தாமல் இருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

துக்கத்திலும் நீதி தவறாத உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.