புத்தகத்தை மாற்றினால் கணக்கு வருமா? சிங்கப்பூர்க் கணிதப் பாடநூல் கடல் கடந்த வரலாறு



ஆண்டின் நடுவில் ஒரு பிள்ளை உங்கள் வகுப்புக்கு வருகிறது. இதுவரை வீட்டிலேயோ வேறு நாட்டிலேயோ படித்த பிள்ளை. வயது பத்து என்பதால் தொடக்கநிலை 4 புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறோம். இரண்டே வாரத்தில், "இந்தப் பிள்ளைக்குக் கணக்கே வராது போலிருக்கே" என்று முடிவும் கட்டிவிடுகிறோம். அந்த முடிவு நியாயமானதா? நம் ஊர்க் கணிதப் புத்தகம் ஒன்று அமெரிக்க வீடுகளுக்குப் போன வரலாறு இதற்கு நல்ல விடை சொல்கிறது.

நாமும் மாற்றிப் பார்த்தவர்கள்தான்

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்று ஒவ்வொரு மொழிப் பள்ளியும் தனித்தனிப் பாடத்திட்டத்தைப் பின்பற்றியது. 1959இல்தான் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான கணிதப் பாடத்திட்டம் வந்தது. பிறகு, மேலை நாடுகளில் பரவிய 'நவீன கணிதம்' இங்கும் நுழைந்தது. 1979இல் வெளிவந்த கோ கெங் சுவீ அறிக்கை, பள்ளிக்கு வந்தும் போதிய கல்வி பெறாமல் வெளியேறும் பிள்ளைகள் அதிகம் என்று சுட்டிக்காட்டியது. அடுத்த ஆண்டே, 1980இல், சிங்கப்பூர்ப் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே பாடநூல் எழுதுவது அதன் வேலை.

டாக்டர் கோ தெக் ஹோங் தலைமையிலான குழு தொடக்கநிலைக் கணித நூல்களை உருவாக்கியது. அந்தக் குழு எதிர்கொண்ட பெரிய தலைவலி பிரச்சனைக் கணக்கு. 'மொத்தம்', 'மீதம்' போன்ற சொல்லைப் பார்த்தே கூட்டவும் கழிக்கவும் பழகிய பிள்ளைகள், அந்தச் சொல் இல்லாதபோது திகைத்து நின்றார்கள்.

பொருள், படம், எண்

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் சொன்ன கருத்து இங்கே கைகொடுத்தது. பிள்ளை முதலில் பொருளைத் தொட்டு எண்ணட்டும். அடுத்து படமாகப் பார்க்கட்டும். கடைசியில் எண்ணுக்கும் குறிக்கும் வரட்டும். இந்த வரிசையின் நடுப்படியில் பிறந்ததுதான் பட்டை வரையும் முறை.

ஒரு கணக்கைப் பாருங்கள். ராஜுவிடம் மீராவைவிட 18 கோலிகள் அதிகம். இருவரிடமும் சேர்த்து 64 கோலிகள். மீராவிடம் எத்தனை? 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் பல பிள்ளைகள் 64உடன் 18ஐக் கூட்டிவிடும். பட்டை வரைந்த பிள்ளை அப்படிச் செய்யாது. மீராவுக்கு ஒரு பட்டை. ராஜுவுக்கு அதே நீளப் பட்டை, அதோடு 18 என்ற சிறு துண்டு. அந்தத் துண்டை நீக்கினால் 46. அதில் பாதி 23. மீராவிடம் 23, ராஜுவிடம் 41. இயற்கணிதம் தெரியாமலேயே விடை வந்துவிட்டது, இல்லையா?

1990களின் தொடக்கத்தில் வந்த புதிய பாடத்திட்டம் பிரச்சனை தீர்ப்பதையே கணிதத்தின் மையமாக வைத்தது. 1995இல் நடந்த டிம்ஸ் எனும் அனைத்துலக ஆய்வில், நான்காம் வகுப்பு, எட்டாம் வகுப்பு இரண்டிலும் சிங்கப்பூர் கணிதத்தில் முதலிடம் பெற்றது. உலகமே திரும்பிப் பார்த்தது.

அமெரிக்க வீடுகளில்

இதே காலத்தில் அமெரிக்காவில் வீட்டுக்கல்வி வளர்ந்துகொண்டிருந்தது. 1977இல் ஜான் ஹோல்ட் என்ற கல்வியாளர் இதற்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். 1993க்குள் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்குச் சட்ட அனுமதி கிடைத்தது. 1999இல் ஏறத்தாழ 8,50,000 பிள்ளைகள் வீட்டில் படித்ததாக அந்நாட்டு அரசு மதிப்பிட்டது.

அந்தப் பெற்றோர் முன் நின்ற பெரிய கேள்வி, "எந்தக் கணக்குப் புத்தகம் வாங்குவது?" பலர் சாக்சன் நூல்களை எடுத்தார்கள். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஜான் சாக்சன் 1980களில் வெளியிட்டவை அவை. ஒரு கருத்தைச் சிறு சிறு துண்டாகக் கற்பித்து, பழைய கணக்குகளைத் தினமும் கலந்து கொடுப்பது அவருடைய முறை. டிம்ஸ் முடிவு வந்தபின் பலருடைய பார்வை சிங்கப்பூர்ப் பக்கம் திரும்பியது. 1998இல் அமெரிக்காவிலேயே இந்நூல்களை விற்கும் நிறுவனம் தொடங்கியது. பின்னர் அந்நாட்டு அளவைகளுக்கும் நாணயத்துக்கும் ஏற்ற பதிப்பும் வந்தது. புரூனரின் கருத்து சிங்கப்பூர் வந்து, புத்தகமாகிப் பிறந்த ஊருக்கே திரும்பியது!

மாறியபோது வந்த சிக்கல்

புத்தகம் வாங்குவது சுலபம். பிள்ளையை அதில் உட்காரவைப்பதுதான் கஷ்டம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு 4ஏ வாங்கிய பெற்றோர் பலர் முதல் அத்தியாயங்களிலேயே திணறினார்கள். காரணம் என்ன? அந்த நூல் வரிசையில் 2, 3ஆம் வாய்பாடுகள் 2ஏ புத்தகத்தில் தொடங்கி, 9ஆம் வாய்பாடு வரை 3ஏ புத்தகத்திலேயே முடிந்துவிடும். பட்டை வரைவதும் 3ஏவில் எளிய கணக்குகளோடு தொடங்கும். 4ஏ இதெல்லாம் பிள்ளைக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே பேசும். பிள்ளை மக்கு இல்லீங்க. நடுவில் இரண்டு படி இல்லாத ஏணியில் ஏறச் சொன்னால் யார்தான் விழமாட்டார்?

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சாக்சனில் பழகிய பிள்ளைக்குத் தினமும் மீள்பயிற்சி கிடைத்தது. சிங்கப்பூர் நூல் ஒரு தலைப்பை ஆழமாக முடித்துவிட்டு நகரும். மீள்பயிற்சியை ஆசிரியர்தான் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காத வீட்டில் பிள்ளை படித்ததை மறந்தது. "புத்தகம் சரியில்ல" என்று பெற்றோர் அடுத்ததற்குத் தாவினார்கள். ஒவ்வொரு தாவலிலும் ஒரு புது இடைவெளி விழுந்தது.

இதனால்தான் விற்பனை நிறுவனமே நுழைவுநிலைச் சோதனைத் தாள்களைக் கொடுத்தது. வயதையும் வகுப்பையும் விட்டுவிட்டு, பிள்ளைக்கு எது தெரியும் என்று பார்த்துப் புத்தகம் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

பள்ளிகளும் இதே பாடத்தைக் கற்றன. 2000ஆம் ஆண்டு வாக்கில் மேரிலாந்து மாநிலத்தில் நான்கு பள்ளிகள் இந்நூல்களைச் சோதித்தன. 2005இல் வெளிவந்த ஆய்வறிக்கை சொன்னது என்ன தெரியுமா? ஆசிரியர்களுக்கு அதிகப் பயிற்சி கிடைத்த பள்ளிகளில் பலன் நன்றாக இருந்தது. மற்றவற்றில் அப்படி இல்லை. நூல் எல்லாருக்கும் ஒன்றே.

நமக்கு என்ன பாடம்?

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடப்புக்கு வந்தது. அனுமதி பெற்று வீட்டில் படிக்கும் பிள்ளையும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை எழுதியாக வேண்டும். வீட்டில் எந்த நூலையும் எடுக்கலாம். தேர்வு மட்டும் ஒன்றுதான். ஆகவே தொடக்கநிலை 5இல் அவசரமாக நூலை மாற்றும் பெற்றோரிடம் நாம் பொறுமையாகப் பேச வேண்டும்.

உங்கள் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைக்கு முதலில் மூன்று காரியம் செய்யுங்கள். இரண்டு ஆண்டு கீழே உள்ள கணக்கிலிருந்து தொடங்கிச் சோதியுங்கள். விடையை மட்டும் பார்க்காமல், "எப்படிச் செஞ்சே?" என்று கேளுங்கள். விடுபட்ட படியை மட்டும் கற்பியுங்கள். முழுப் புத்தகத்தையும் திரும்ப நடத்தத் தேவையில்லை. 'கணக்கு வராது' என்ற சொல்லை அதற்கு முன் வாயிலிருந்து விடாதீர்கள். ஒருமுறை காதில் விழுந்தால் பிள்ளை அதை ஆயுளுக்கும் நம்பிவிடும்.

மாணவர்கள் சிந்திக்க

1. 1980இல் பாடநூலை உள்ளூரிலேயே உருவாக்க வேண்டிய தேவை ஏன் எழுந்தது? இரண்டு காரணங்களை எழுதுக.
2. ஒரே நூல் ஓரிடத்தில் வெற்றியும் வேறிடத்தில் தோல்வியும் கண்டது ஏன்? சான்றுடன் விளக்குக.
3. கோலிக் கணக்கைப் பட்டை வரைந்து செய்து, பெருக்கல் வரும்படி நீங்களே ஒரு கணக்கு அமைக்கவும்.