சுவரிலிருந்து இறங்கிய முகமூடி

டக்காரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் ஒரு சிறுவன் மரமுகமூடியை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான். தியுவானா என்ற இளம்பெண் அதை அவனிடமிருந்து வாங்கிக்கொள்கிறாள். அவளுக்குப் பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது. அந்த மகிழ்ச்சியில் எஜமானிக்கு ஒரு பரிசு.

செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் 1966இல் எடுத்த ‘லா நுவார் து...’ படத்தில் வரும் முகமூடி இது. படம் முன்னும் பின்னுமாகக் கதை சொல்கிறது. நான் முகமூடி போன வழியே போகிறேன்.

அது எந்த இனத்தாருடையது, எந்தச் சடங்குக்கு உரியது என்று செம்பேன் விளக்குவதில்லை. எனக்கு இது பெரிதாகப் படுகிறது. ஆப்பிரிக்க முகமூடி என்றதும் தீயையும் முழவையும் ஆட்டத்தையும் எதிர்பார்க்கும் கண்களுக்கு, அவர் காட்டுவது தெருவில் ஒரு பிள்ளையின் விளையாட்டுப் பொருளை.

எஜமானர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, அசல்தான் என்று மெச்சுகிறார். டக்கார் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கலைப்பொருள்களோடு அதுவும் சேர்கிறது. பின்னர் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய், அதன் தென்கரையில் உள்ள ஆந்தீப் நகரில், வெறுமையான வெள்ளைச் சுவரில் அது ஒற்றையாகத் தொங்குகிறது. கீழே தியுவானாவும் ஒற்றைதான். பிள்ளை வளர்க்க வந்தவள் சமைக்கிறாள், துடைக்கிறாள், துவைக்கிறாள். அவள் கண்ட பிரான்ஸ் ஒரு சமையலறையும் சில அறைகளும்தான்.

தலைப்பில் ‘லா நுவார்’ என்றால் கறுப்புப் பெண். அதையடுத்து வரும் ‘து’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘உடைய’ என்றும் பொருள், ‘இலிருந்து’ என்றும் பொருள். யாருடைய கறுப்புப் பெண்? எங்கிருந்து வந்த கறுப்புப் பெண்? பதிலுக்கு மூன்று புள்ளிகள்.

செம்பேன் மீனவரின் மகன். மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், பிறகு நாவலாசிரியர். அவர் நாட்டு மக்களில் பெரும்பாலோர் அன்று எழுத்தறியாதவர்கள். அவர்களை எட்டவேண்டும் என்றே நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோ சென்று சினிமா கற்றார். அதற்கு முன், பிரெஞ்சு ஆப்பிரிக்கக் காலனிகளில் அரசு அனுமதியின்றிப் படமெடுக்க 1934 ஆம் ஆண்டின் ஆணை தடைபோட்டிருந்தது. ஆப்பிரிக்கரைப் பிறர் படம்பிடித்துக் காட்டிய காலம் அது. செய்தித்தாளில் சில வரிகளாக வந்த ஒரு பணிப்பெண்ணின் தற்கொலையை அவர் முதலில் சிறுகதையாக்கினார், பிறகு படமாக்கினார். ஆனால் தியுவானாவின் மனக்குரல் பிரெஞ்சில்தான் ஒலிக்கிறது. தியுவானாவாக நடித்தவர் எம்பிசீன் தெரேஸ் தியோப். அவருக்குக் குரல் கொடுத்தவரோ இன்னொரு நடிகை. மொழியில் இருந்த இந்தக் குறை தீர 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வந்த ‘மந்தாபி’ படத்தில் செம்பேனின் மாந்தர்கள் வொலோஃப் மொழியில் பேசினார்கள்.

ஆந்தீபில் ஒருநாள் தியுவானா முகமூடியைச் சுவரிலிருந்து எடுத்துவிடுகிறாள். எஜமானி பறிக்க வருகிறாள், இருவரும் மல்லுக்கட்டுகிறார்கள். கொடுத்த பரிசைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. பிறகு குளியலறையில் அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

எஜமானர் அவளுடைய பெட்டியையும் முகமூடியையும் எடுத்துக்கொண்டு டக்கார் வருகிறார். சம்பளப் பணத்தை நீட்டுகிறார். அவளுடைய தாய் வாங்க மறுக்கிறாள். சிறுவன் முகமூடியை மாட்டிக்கொள்கிறான். சந்துகளின் வழியே அவருக்குப் பின்னாலேயே நடக்கிறான். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி விரைகிறார். முகமூடி விடாமல் தொடர்கிறது. அவர் காரில் ஏறிப் போனபின் சிறுவன் இரு கைகளாலும் அதை மெல்லக் கீழே இறக்குகிறான்.