எச்சரிக்கை நிற்க வேண்டிய இடம்: பாம்பன் பாலத்திலிருந்து கணினித் திரை வரை

நேற்றிரவு முடங்கிப்போன ஒரு மென்பொருளைப் பற்றி இன்று காலை கணினியைத் திறப்பவரிடம் சொல்ல வேண்டுமா? சொல்வதென்றால் எப்போது? மென்பொருள் உலகம் இதற்கு ஒரே விடையை வைத்திருக்கவில்லை. உபுண்டு லினக்ஸில் பழைய முடக்கத்தின் பதிவுக் கோப்பு வட்டில் கிடந்தால், பயனர் உள்நுழைந்ததும் அறிவிப்புப் பெட்டி ஒன்று எழும்; முடங்கியது எது, அதனால் தமக்கு என்ன என்பது பலருக்கும் விளங்காது. ஃபயர்பாக்ஸ் உலாவி ஒருமுறை விழுந்தால் பழைய பக்கங்களைத் தானே மீட்டுத் தருகிறது. அடுத்தடுத்து விழுந்தால்தான் எவற்றை மீட்பது என்று பயனரைக் கேட்கிறது. இவற்றில் எது சரி என்பதை எடைபோடப் பாம்பன் கடற்பகுதியின் எச்சரிக்கை வரலாறு உதவும். கூண்டு, காற்றுமானி, உணரி என்று மூன்று படிகளில் நகர்ந்த அந்த வரலாறு, முடிவெடுப்பவர் முடிவெடுக்கும் இடத்தில் நிற்கும்போதுதான் எச்சரிக்கைக்கு மதிப்பு உண்டு என்பதைக் காட்டுகிறது.

முதற்படி, துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. 1864இல் கல்கத்தாவையும் மசூலிப்பட்டினத்தையும் புயல்கள் அழித்த பிறகு, 1865இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கைச் சேவை தொடங்கியது. 1898இல் இந்தியத் துறைமுகங்களுக்கு ஒரே வகைக் குறியீட்டு முறை வந்தது. பாம்பனில் இன்றும் கூண்டு ஏற்றுவது இந்த மரபில்தான். 1, 2 எண்கள் தொலைவில் உருவாகும் புயலைக் குறிக்கும். 3, 4 துறைமுகத்துக்கே வரக்கூடிய மோசமான வானிலையை. 5 முதல் 7 வரை அபாயத்தை. 8 முதல் 10 வரை பேரபாயத்தை. இவற்றினும் நுட்பமானது 11ஆம் எண். எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, உள்ளூர் அதிகாரி ஆபத்து உண்டென்று கருதுகிறார் என்பது அதன் பொருள். செய்தி வராததையே செய்தியாக்கும் ஏற்பாடு இது. ஆனால் கூண்டின் எல்லை துறைமுகம்தான். தண்டவாளத்தில் வரும் ரயிலை நிறுத்தும் வேலை அதற்கு இல்லை.

அந்த இடைவெளியின் விலை 1964இல் தெரிந்தது. டிசம்பர் 17ஆம் தேதி தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு மண்டலம் புயலாக வலுத்து, இலங்கையைக் கடந்து, 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கியபோது கைகாட்டி செயலிழந்திருந்தது என்றும், ஓட்டுநர் சற்றுநேரம் காத்திருந்து, ஊதல் ஒலித்துவிட்டு, இருட்டில் ரயிலை நகர்த்தினார் என்றும் அந்நிகழ்வைப் பற்றிய விவரணைகள் சொல்கின்றன. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓட்டுநரைக் குறை சொல்வதில் பயனில்லை. துறைமுகத்தில் 11ஆம் எண்ணுக்கு இருந்த பொருள், தண்டவாளத்தில் செயலிழந்த கைகாட்டிக்கு நடைமுறையில் இல்லாமல் போனது. கைகாட்டியின் மௌனம் பழுதாகப் படிக்கப்பட்டது. ஆபத்தின் அறிகுறியாகப் படிக்கப்படவில்லை.

1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் உத்தரங்களில் பெரும்பகுதியை அதே புயல் அடித்துச் சென்றது. கப்பலுக்கு வழிவிடும் ஷெர்சர் தூக்குப் பகுதி தப்பியது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் மீட்கப்பட்டது. அந்தப் பாலத்துக்கு அமைந்த பாதுகாப்பு ஏற்பாடு இரண்டாம் படியைக் காட்டுகிறது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் காற்றுமானி வழியாகச் சிக்னல் தானே சிவப்பாகும்படி அமைத்திருந்தார்கள். ரயில் கரையிலேயே நின்றுவிடும். காற்றுமானி எல்லாக் காற்றையும் அளக்கும், ஆனால் எல்லாக் காற்றுக்கும் குரல் எழுப்பாது. ஆடி மாதக் கச்சானையும் மார்கழி வாடையையும் நாள்தோறும் ஓட்டுநருக்கு அறிவித்தால், அவர் அதைக் காதில் வாங்குவதையே விட்டுவிடுவார். வரம்பு ஒன்று, அதைத் தாண்டினால் செய்ய வேண்டிய செயல் ஒன்று. அளவீடும் எச்சரிக்கையும் இங்கே தனித்தனி வேலைகளாகின்றன.

மூன்றாம் படி, கடந்தகாலத்தையே அளப்பது. காற்று அப்போதைய ஆபத்து. துருவோ ஆண்டுக்கணக்கில் சேர்ந்த சேதம். சென்னை ஐஐடியின் கண்காணிப்பு உணரிகள் தூக்குப் பகுதியில் பொருத்தப்பட்டிருந்தன. 2022 டிசம்பர் 23 அன்று அவை அபாய அளவைக் காட்டியதும் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது. ராமேஸ்வரம் ரயில்கள் மண்டபத்தோடு முடிந்தன. பழைய பாலத்தில் பயணிகள் ரயில் பிறகு ஓடவேயில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. நேற்றைய சேதம் பற்றிய தகவல், இன்றைய ரயிலை விடலாமா என்று தீர்மானிப்பவரிடம் போய்ச் சேர்ந்தது. ராமேஸ்வரத்தில் ரயிலேறும் பயணியிடம் ஒவ்வொரு இணைப்பின் துருக்கணக்கையும் நீட்ட வேண்டிய தேவை எழவில்லை.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, வரம்பு வைத்து நிறுத்துவது வீண் இழப்பு என்பது. இந்தக் கடற்கரையில் அது வெற்று வாதமல்ல: எச்சரிக்கை வந்தால் கடலுக்குச் செல்ல மீன்துறை டோக்கன் தராது, விசைப்படகு கரையில் நிற்கும், அன்றைய கூலி போகும். 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பன் அருகே வந்து வலுவிழந்து, நகராமல் நின்று ஓய்ந்தது. அதனால் அந்த எச்சரிக்கை பிழையாகிவிடாது. முடிவெடுத்த நேரத்தில் கையில் இருந்த தகவலை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். கூலி இழப்புக்கு மருந்து நிவாரணம், வரம்பைத் தளர்த்துவதல்ல. இரண்டாவது, சிறு முடக்கங்களைச் சொல்லாமல் விடுவது மறைப்பு என்பது. பதிவேடு திறந்திருக்கும்வரை அது மறைப்பாகாது; தேடுபவருக்கு எல்லாம் கிடைக்க வேண்டும், குறுக்கிடும் உரிமை மட்டும் சிலவற்றுக்கே. மூன்றாவது, உயிர் போகும் பாலத்தையும் கோப்பு போகும் கணினியையும் ஒப்பிடலாமா என்பது. இழப்பின் அளவு வரம்பை எங்கே வைப்பது என்பதைத்தான் மாற்றும்; எச்சரிக்கை யாரிடம், எந்தத் தறுவாயில் சேர வேண்டும் என்பதை மாற்றாது.

அப்படியானால் உள்நுழைந்தவுடன் எழும் பெட்டி, ரயிலேறும் பயணியிடம் துருக்கணக்கை நீட்டுவதற்குச் சமம். முடங்கிய நிரலைப் பயனர் மீண்டும் திறக்கும்போதும், சேமிக்காத கோப்பு மீட்கக் கிடக்கும்போதும், அதே முடக்கம் திரும்பத் திரும்ப வரும்போதும் சொல்லலாம். சொல்லும்போதே அவர் செய்யக்கூடிய ஒரு செயலையும் சேர்த்துத் தர வேண்டும். பின்னணியில் ஒருமுறை விழுந்து தானே எழுந்த சேவையின் கதை, அதைப் பராமரிப்பவருக்குப் போனால் போதும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: முடக்கத்தைப் பதிவுசெய்யும் கருவியே நின்றுபோனால், அல்லது காப்புப்பிரதி எடுக்கும் நிரல் ஓசையின்றி ஓய்ந்துவிட்டால், பயனர் எதையும் திறக்காவிட்டாலும் உடனே சொல்லியாக வேண்டும். துறைமுகக் குறியீட்டில் 11ஆம் எண்ணுக்கு நிகரான அந்த ஒன்றை மேசைக் கணினிகளின் வடிவமைப்பாளர்கள் இன்னும் முறையாக வகுக்கவில்லை. தேவையற்ற அறிவிப்புகளைக் குறைப்பதற்கு முன்பாகவே அவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.